தோஸ்துக்குக் கட்டிய பெட்டி

எங்கள் வீட்டு ஓணான் பிழைக்க வேண்டும் என்று நான் தவியாய்த் தவித்தேன் என்று சொன்னால் எர்ணாவூர்க் குடியிருப்பில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது என்பது நான்கு மாடிக்கும் தெரியும். ஓணான் இல்லை, இகுவானா என்று சொல்ல வேண்டும் என்பாள் என் மகள் எழில்மொழி. பேர் எதுவாக இருந்தால் என்ன? பச்சைப் பசேலென்று, முதுகு நெடுக முள்ளும், தாடைக்குக் கீழே தொங்கும் தோலும், முழ நீள வாலுமாக ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு பெண் வேலையிலிருந்து வந்து நின்றால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்?

"இன்னாடி இது கஸ்மாலம்? வூட்ல மன்சங்க கீறோமா இல்லியா?" என்று கத்தினேன்.

"கஸ்மாலம் இல்லம்மா. தோஸ்து. இவம் பேரே தோஸ்துதான்" என்றாள்.

விலங்கியல் படித்துவிட்டு கொளத்தூரில் கலர் மீன் விற்கும் கடையில் வேலை பார்த்தாள். யாரோ ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய், கடையில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போன உருப்படி அது. எதிர் வீட்டு கோவிந்தம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவள். கடலில் விளைந்ததையெல்லாம் அறுத்துப் போட்டவள் இதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அய்ய, இது உடும்பு! போலீஸ்காரன் வந்து உன்னியும் சேத்து அள்ளிக்கினு பூடுவான்" என்றாள். இது வெளிநாட்டுச் சாதி, இலை தழை தவிர எதையும் தொடாது, இதற்கு முறைப்படி பதிவெல்லாம் ஆகியிருக்கிறது என்று எழில் அவளுக்குப் பாடம் நடத்தினாள். எனக்கும்தான் நடத்தினாள். நான் காதில் வாங்கவில்லை.

பழைய டிவி ஸ்டாண்டின் கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னாலும் மேலேயும் அகலக் கண் வலைக்கம்பி அடித்துக் கூண்டாக்கினாள். மேலே இரண்டு விளக்கு. ஒன்று சூட்டுக்கு, இன்னொன்று வெயிலுக்குப் பதிலாக. உள்ளே ஏறுவதற்கு ஒரு முருங்கைக் கிளை. காலையும் மாலையும் பாட்டிலால் தண்ணீர் தெளிப்பாள். ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டரை நான் கடிகாரம் பார்ப்பதைவிட அதிகமாகப் பார்ப்பாள். கூண்டின் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் வேலைக்குக் கிளம்புவாள். அதன் நகம் பட்டு அவள் தோள்பட்டை முழுக்கக் கீறலாக இருக்கும். கல்யாணம் பண்ண வேண்டிய உடம்பா இது என்று திட்டுவேன். சிரிப்பாள்.

பொங்கல் முடிந்த வாரத்தில், மணலி ரோட்டில் அவள் ஸ்கூட்டியை ஒரு டிரெய்லர் லாரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடையாளம் சொல்லச் சொன்னார்கள். அந்தக் கீறல்களைக் காட்டித்தான் என் மகள் என்று சொன்னேன். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது.

என் வீட்டுக்காரர் பீம்ராவ் அதிகம் பேசாதவர். வீட்டில் பேச்சு, ஏச்சு, சிரிப்பு எல்லாம் என் பொறுப்பு. வாங்கிக்கொள்வது அவர் பொறுப்பு. நான் திட்டினால் அவருக்குச் சோறு இறங்கும், திட்டாவிட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பார். அப்படி ஒரு மனிதர். காரியம் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு கூண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அது தீனி எடுக்கவில்லை. தெருவில் ஏதாவது ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அன்றைக்குத்தான் அதன் மேல் எனக்கிருந்த ஆத்திரம் எங்கேயோ போனது.

ஒரு செம்பருத்திப் பூவை அவர் நீட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அது வாய் திறந்து கவ்வியது. "துன்னுட்சி, அன்பு" என்றார் என்னைப் பார்த்து. பிறகு, "எயிலு கையி எப்டி இருக்கும்னு இதுக்குத் தெரியும். இது பொயச்சிக்கினா போதும். நமக்கு வேற இன்னா கீது சொல்லு" என்றார்.

அவர் சொன்னதுதான் நிஜம். அவள் தோளில் கிடந்த உயிர் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

சித்திரை பிறந்து கத்திரி வெயில் ஆரம்பித்தது. பகலெல்லாம் மேற்கிலிருந்து அனல் காற்று. கடல் காற்று உள்ளே வரவே மாட்டேன் என்றது. நாங்கள் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் கூண்டு மொறுமொறுவென்று காய்ந்துவிடும். மீட்டர் முள் விழுந்து கிடந்தது. தோஸ்து தோலுரித்தபோது கால் விரலில் பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகிக்கொண்டது. ஈரம் போதாமல் போனால் அப்படித்தான் ஆகுமாம். விரல் கறுத்து, ஒரு நாள் கூண்டின் அடியில் உதிர்ந்து கிடந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை.

அவர் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டெய்னர் யார்டில் ரீஃபர் மெக்கானிக். ரீஃபர் என்றால் குளிர்பெட்டி. இறாலையும் மீனையும் உறைய வைத்துக் கப்பலேற்றும் கண்டெய்னர். உள்ளே எவ்வளவு குளிர், எவ்வளவு ஈரம், எவ்வளவு காற்று என்று சொன்ன அளவில் நிறுத்துவதுதான் பிழைப்பு. பழுதான பெட்டி வந்தால் இவர் உள்ளே போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வார். இருட்டில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே ஓட்டை என்று அர்த்தம், சிலிகான் வைத்து அடைப்பார். இவர் கை பட்ட பெட்டி கப்பலில் கெட்டதில்லை என்று யார்டில் சொல்வார்கள். அந்தக் கர்வம் ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

உடைத்துப் போட்ட ரீஃபரின் சுவர்ப் பலகைகளை யார்டில் கேட்டு வாங்கி வந்து தோஸ்துக்குப் பெட்டி கட்டினார். முன்னால் கண்ணாடிக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை. பழைய இரண்டு விளக்கும் பெட்டிக்குள்ளேயே உச்சியில், தோஸ்து தொடாதபடி வலைக்கு மேலே. தண்ணீரைப் புகையாகத் தூவும் மெஷின் ஒன்று. சூடு ஏறினால் விளக்கு தானே அணையும், ஈரம் குறைந்தால் புகை தானே கிளம்பும். கரண்டு போனால் இன்வெர்ட்டர். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று காற்றுக்கு இரண்டு ஓட்டை விட்டு, மேலே குட்டி ஃபேன் ஒன்றும் வைத்தார்.

"உசுரோட கீற சரக்குக்குக் காத்து வோணும், மே" என்றார் என்னிடம். "ஆப்பிள் ஏத்தனா வென்ட்ட, அதான் காத்து ஓட்டைய, தொறந்து வுடுவோம். அது மூச்சு வுடும். எறாலுக்குதான் அடிச்சி மூடணும். அது செத்த சரக்கு."

வேலை முடிந்ததும் ஜன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கினார். பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டுக் கண்ணாடியைப் போர்வையால் மூடினார். இரண்டு ஓட்டைகளையும் என்னை உள்ளங்கையால் பொத்தச் சொன்னார். மூலை மூலையாகக் குனிந்து பார்த்தார். "சொட்டு வெளிச்சம் கூட வர்ல பாத்தியா?" என்றார். எழில் போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோவிந்தம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓணானுக்கு ஏசி ரூமு, எனுக்கு ஒரு ஃபேனுக்கு வயி இல்ல" என்று அவள் மோவாயில் கை வைத்தாள்.

அந்த ஆனி, ஆடி மாதங்கள் நன்றாகத்தான் போயின. தோல் பிசிறில்லாமல் உரிந்தது. முருங்கைக்கீரையை அரைக்கட்டுத் தின்றது. நான்கூட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனிடம் பேச ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம்தான் அந்த வெள்ளைத் தூள். கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. தோஸ்துவின் மூக்கு ஓட்டைகளைச் சுற்றியும் அதே வெள்ளை. அவ்வப்போது தலையைச் சிலுப்பித் தும்மியது.

எங்கள் பக்கத்தில் தூள் என்றால் சாம்பல்தான். கொடியில் போட்ட துணியில், குடத்து மூடியில், குழந்தைகளின் தலையில், எங்கே விரலை வைத்தாலும் சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வாழ்பவர்கள் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் ஜன்னல் கட்டையைத் துடைப்பவர்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்காவது இழுப்பு வரும். அதனால் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

"ஃபேனு சாம்பல உள்ள இய்க்குது" என்றார் அவர். "நாம துன்னுட்டுக் கெடக்கறோம், போனாப் போவுது. இது நெஞ்சில சாம்பல் எறங்கனா தாங்குமா?"

ஃபேனைக் கழற்றினார். மேல் ஓட்டைக்குப் பஞ்சு வைத்தார். அப்படியும் வெள்ளை படிந்தது. பஞ்சை எடுத்துவிட்டு சிலிகான் வைத்து அடைத்தார். அப்படியும் படிந்தது. கீழ் ஓட்டையையும் அடைத்தார். விளக்குகள் இருந்த மேல்பக்கத்தில் வலைக்குக் கீழே கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பொருத்தினார். வெளிச்சம் உள்ளே போகிறது, சாம்பல் போகாது, ஈரம் வெளியேறாது என்றார். மாடி வெயிலுக்குக் கொண்டுபோவதையும் நிறுத்திவிட்டார். மாடியில்தான் சாம்பல் அதிகம். துடைக்கத் துடைக்க மறுநாள் வெள்ளை வந்துகொண்டே இருந்தது. அவர் எங்கே ஓட்டை எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டே இருந்தார். யார்டிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு பெட்டி முன் மண்டியிடுவார். மீட்டர் மட்டும் அவர் வைத்த அளவில் ஆடாமல் நின்றது.

ஐப்பசி மழையில் கதவைத் திறந்தால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. வாரக்கணக்கில் மூடி வைத்த ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. கிளையில் பூஞ்சை கண்டிருந்தது. "யோவ், உள்ள கலீஜா நாறுதுய்யா. தொறந்து வுடு" என்றேன்.

"தொறந்தா சாம்பல் உள்ள பூந்துடும்."

"மூடிக்கினு கீறப்பவே பூந்துடுதே!"

"அதான் எங்கனு தெரீல. கண்டுபுட்ச்சிருவேன்."

திட்டினேன். எப்போதும் போல வாங்கிக்கொண்டார். திறக்க மட்டும் இல்லை.

தோஸ்து கிளையில் ஏறுவதை நிறுத்தியது. முதலில் சோம்பல் என்று நினைத்தோம். பிறகு பின்னங்கால் நடுங்கத் தொடங்கியது. கீழ்த்தாடை வீங்கியது. கீரையைக் கவ்வும், மெல்ல முடியாமல் கீழே விடும். ஒரு காலையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, கழுத்தை மேலே நீட்டி, மூச்சுக்காக ஏங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் நுரைக் குமிழ். அதைப் பார்த்ததும் நான் வாசலில் நின்று கத்தின கத்தலில் கோவிந்தம்மா மீன் கூடையோடு ஓடி வந்தாள். அவள்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

பறவை, ஊர்வனவற்றுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் டாக்டர் தாஹிரா புரசைவாக்கத்தில் இருந்தார். சின்ன வயதுதான், எழிலைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். தோஸ்துவின் தாடையை விரலால் லேசாக அழுத்தினார். ரப்பர் மாதிரி வளைந்தது. எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எலும்பு படத்துல சரியாவே விழல. நெஞ்சுல சளி கட்டியிருக்கு. எப்படி வச்சிருக்கீங்க?" என்றார்.

என் வீட்டுக்காரர் செல்போனை எடுத்துப் பெட்டியின் வீடியோவைக் காட்டினார். ஒவ்வொன்றாகச் சொன்னார். சூடு, ஈரம், விளக்கு, இன்வெர்ட்டர். சாம்பல் வராமல் ஓட்டைகளை அடைத்ததைச் சொல்லும்போது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாம்பலா?"

"தோ, மூக்காண்ட பாருங்க டாக்டர். தெனிக்கும் உள்ள பூந்துடுது. எங்கேர்ந்துனுதான் தெரீல."

டாக்டர் பஞ்சால் அந்த வெள்ளையைத் தொட்டு எடுத்தார். "இது சாம்பல் இல்லைங்க. உப்பு. உடம்புல அதிகமா இருக்கிற உப்பை இது மூக்கு வழியாத் தும்மி வெளியே தள்ளும். எல்லா இகுவானாவும் இப்படித்தான் செய்யும். கண்ணாடியைத் துடைச்சிட்டாப் போதும்."

அவர் அந்தப் பஞ்சை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். டாக்டர் தடுக்கக் கை நீட்டுவதற்குள் வைத்துவிட்டார்.

"கரிக்குது, அன்பு" என்றார் என் பக்கம் திரும்பி.

எழில் தினம் பலகையைத் துடைத்தது எனக்கு அப்போது உறைத்தது. சாம்பலைத் துடைக்கிறாள் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். அவளுக்கு அது உப்பென்று தெரிந்திருக்கும். இதையெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமாக அவள் நினைத்திருக்க மாட்டாள். இந்த ஊரில் துடைப்பதை யார் கேட்கப் போகிறார்கள்?

டாக்டர் தாஹிரா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு இரண்டு கேட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். அந்த இரண்டாவது விளக்கின் பயனெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரில் இருக்கிறதாம். அது உடம்பில் நேராகப் பட்டால்தான் எலும்பு பிடிக்கும். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் வெளிச்சம் போகும், அந்தக் கதிர் போகாது. ஈரம் மட்டும் இருந்து காற்று ஓடாவிட்டால் பூஞ்சை வளரும், நெஞ்சு கெட்டுவிடும். "ஈரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு காத்தோட்டமும் முக்கியம். ஊசி போடறேன், மருந்து தரேன். திறந்து வைங்க, காலை வெயில் காட்டுங்க. ஆனா ரொம்ப நம்பிக்கை குடுக்க முடியல" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "யார்டுக்குப் புச்சா வர்ற பசங்களுக்கெல்லாம் வென்ட்டப் பத்தி நாந்தான் சொல்லித் தரேன்" என்றார். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்த தோஸ்துவின் வாய் திறந்து திறந்து மூடியது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பெட்டியைப் பிரித்தார். ரப்பர் பட்டையைப் பிய்த்தார். தகட்டை முழங்காலில் வைத்து உடைத்தார். கையில் ரத்தம் வந்தது. கட்டுவதற்கு எத்தனையோ நாள் ஆன பெட்டி, காபி ஆறுவதற்குள் வெறும் பலகையாகக் கிடந்தது.

அதன் பிறகு காலையில் மாடிக்குக் கொண்டுபோனோம். மார்கழி வெயில், இதமாகத்தான் இருந்தது. மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரம் விட்டேன். ஜென்மத்தில் அதைத் தொடமாட்டேன் என்றிருந்தவள் துணியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டொரு நாள் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தது. "தேறிடும்ல?" என்று அவர் கேட்டபோது "தேறிடும்" என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவ்வளவு ஆசை எனக்கு.

ஒரு காலையில் அது என் மடியிலிருந்து மேலே ஏறப் பார்த்தது. முன்னங்காலால் என் புடவையைப் பற்றியது. பின்னங்கால் ஒத்துழைக்கவில்லை. நானே தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன். நகம் பட்டுக்கூட வலிக்கவில்லை, அதற்கு அழுத்தும் பலம் இல்லை. கழுத்தில் அதன் மூச்சு பட்டது. அவர் மாடி மூலைத் தொட்டியில் செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தார். அவர் பூவோடு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பூவை அதன் வாயருகே நீட்டினார். நீட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் நான் அழுதேன்.

அவர் அழவில்லை. எனக்கு எதிரே தரையில் குந்தினார்.

"லாரிக்காரன எத்தினி வாட்டி திட்டிக்கீறோம், அன்பு" என்றார். "அது அவன் பண்ணது. இது?"

நான் தோஸ்துவைத் தோளிலிருந்து இறக்கித் துணியில் சுற்றினேன்.

"நாந்தான் சாவடிச்சேனா?"

என் வாய்க்கு இந்தக் குடியிருப்பே பயப்படும். மனசில் ஒன்று, வாயில் ஒன்று என்று எனக்கு இருந்ததே இல்லை. டாக்டர் சொன்னதை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டோம். ஆனால் தகடு கிழித்த காயம் இன்னும் ஆறாத அந்தக் கையைப் பார்த்தபோது எனக்கு மனசு வரவில்லை.

"சேச்சே, அதெல்லாம் இல்லய்யா" என்றேன். "அதுக்கு ஆயுசு அவ்ளோதான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் கத்துவேன் என்று காத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. "ஆமாய்யா, நீதான், கட்டிக் கட்டி மூடினியே" என்று நான் வயிற்றெரிச்சலைக் கொட்டியிருந்தால் அவர் உடைந்து அழுதிருப்பார். நானும் கூடச் சேர்ந்து அழுதிருப்பேன். தோஸ்துக்காக அழ ஆரம்பித்து எழிலுக்காகவும் அழுது முடித்திருப்போம். நான் பாவம் பார்த்தேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அவருக்கு அது தெரிந்துவிட்டது.

"சரி" என்று எழுந்து போனார்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்பதில்லை, தானே தேடி எடுத்துக்கொள்கிறார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்திப் பார்க்கிறேன். கோவிந்தம்மாதான் எட்டிப் பார்த்து இன்னா சண்டை என்கிறாள். சண்டை போட ஆள் எங்கே இருக்கிறது?

நேற்று சோற்றை அடிப்பிடிக்க விட்டேன், வேண்டுமென்றேதான், என்ன கருகுது என்றாவது கேட்பார் என்று. வீடு முழுக்கக் கருகல் வாடை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, யார்டுக்குப் போனார்.